மலைக் காய்ச்சலும் ரத்தம் சொல்லும் துப்பும்

கேரள-தமிழக எல்லை மலைகளில், காய்ச்சலோடு வந்தவரை எப்போது கீழே அனுப்புவது என்பது உயிர்ப் பிரச்சினை. இதில் டாக்டருக்குத் துணையாக ரத்தப் பரிசோதனைகள் வந்திருக்கின்றன. ஆனால் அவை பாதி விஷயத்தைத்தான் சொல்கின்றன.

மூணாறில் பனி என்றால் இரண்டு அர்த்தம். தேயிலைத் தோட்டத்துத் தமிழருக்கு அது விடிகாலையில் புல்லை வெளுக்கச் செய்வது. ஆஸ்பத்திரியில் "பனி உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்கும் டாக்டருக்கு அது காய்ச்சல். போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ ஏலத்தோட்ட வேலைக்குப் புதிதாக மலையேறியவர் இந்தக் கேள்விக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு "இல்லை" என்று சொன்னால் வியப்பதற்கில்லை. கொஞ்ச நாளில் பழகிவிடும். எலிப்பனி என்றால் எலிக்காய்ச்சல். செள்ளுப்பனி என்றால் தமிழகத்தில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ். டெங்கிப்பனிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

பெயர்கள் வேறானாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு எல்லாப் பனியும் ஒரே முகத்தோடுதான் வருகிறது. தலைவலி, உடம்பு வலி, குளிர், வாந்தி. பத்துப் பேரில் பெரும்பாலோர் பாராசிட்டமாலும் கஞ்சியும் ஓய்வுமாகத் தேறிவிடுவார்கள். யாரோ ஒருவர் மட்டும் மறுநாள் காலையில் மூச்சு வாங்க ஆரம்பிப்பார், சிறுநீர் குறையும், பேச்சு குழறும். அந்த ஒருவர் யார் என்பதை முதல் நாள் இரவே கண்டுபிடிக்க முடியுமா? உலகம் முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதுதான் கேள்வி. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தில் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: தூரம்.

இடுக்கி மாவட்டத்துக்கு ரயில் கிடையாது. பைனாவில் உள்ள இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி 2014-ல் தொடங்கி, இடையில் மாணவர் சேர்க்கை நின்றுபோய், 2022-ல்தான் மறுபடி அனுமதி பெற்றது. குமுளியில் ஒருவருக்குத் தீவிர சிகிச்சை தேவை என்றால் மேற்கே கோட்டயம் மருத்துவக் கல்லூரி 100 கிலோமீட்டருக்கு மேல். கிழக்கே மலையிறங்கினால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி, 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூணாறிலிருந்து போடிக்கு இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 17. பாலக்காட்டுப் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். பறம்பிக்குளம் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே பஸ் போகும் வழி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் செல்கிறது. அட்டப்பாடியின் கோட்டத்தரையில் பழங்குடியினருக்கான அரசு ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கும் மேலான சிகிச்சைக்கு மண்ணார்க்காடு மலைப்பாதையில் இறங்க வேண்டும், அல்லது ஆனைகட்டி வழியாகக் கோயமுத்தூர் போக வேண்டும். 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில், முதுவர்கள் தங்கள் நோயாளியை மூங்கிலில் கட்டிய துணித் தூளியில் வைத்துக் காட்டு வழியே சுமந்து வரும் படம் பல தடவை பத்திரிகைகளில் வந்துவிட்டது.

ஆக, இங்கே "காலையில் பார்ப்போம்" என்று டாக்டர் சொல்வது சாதாரண வாக்கியமல்ல. இரவு பத்து மணிக்கு அனுப்பாதவரை அதிகாலை நான்கு மணிக்கு அனுப்பினால், அவர் வளைவுகளைத் தாண்டி வென்டிலேட்டரைப் பார்க்கும்போது பொழுது நன்றாக ஏறியிருக்கும். எல்லோரையும் இரவிலேயே அனுப்பவும் முடியாது. வண்டி வாடகை, உடன் போகிறவரின் கூலி, வீட்டில் விட்டுப்போகும் குழந்தைகள் எல்லாம் கணக்கில் உண்டு. வீணாக ஒரு முறை இறங்கிவந்த குடும்பம் அடுத்த முறை அவசியம் வரும்போது தயங்கும்.

டாக்டர் பயப்படுகிற அந்த நிலைக்குப் பெயர் செப்சிஸ். கிரேக்கத்தில் அழுகல் என்று பொருள். தமிழில் "ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது" என்பார்கள். உருக்கமான சொல், ஆனால் முழுக்கச் சரியல்ல. செப்சிஸ் நோயாளிகள் பலருடைய ரத்தத்தில் கிருமி அகப்படுவதே இல்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிதானம் தவறித் தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் இதயத்தையும் தானே சேதப்படுத்திக்கொள்வதுதான் செப்சிஸ் என்று 2016-ல் நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. 2020-ல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கின்படி 2017-ல் மட்டும் உலகில் 4.89 கோடிப் பேருக்கு இது வந்தது. 1.1 கோடிப் பேர் இறந்தார்கள். அதாவது அந்த ஆண்டின் ஐந்து சாவுகளில் ஒன்று. அதில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 29 லட்சம்.

கிருமியை நேரடியாகக் கண்டுபிடிக்க ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால்தான், கிருமியை விட்டுவிட்டு, கிருமியைக் கண்டு உடம்பு போடும் கூச்சலை அளக்கும் யோசனை வந்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் அதிகம் பேசப்படும் அளவீடுகள் மூன்று: சி.ஆர்.பி., புரோகால்சிடோனின், லாக்டேட்.

மூத்தது சி.ஆர்.பி. 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்த நீரை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிமோனியா கிருமியிலிருந்து எடுத்து 'சி' என்று பெயரிட்டிருந்த ஒரு சர்க்கரைப் பொருளோடு அதைக் கலந்தபோது வண்டல் படிந்தது. நோயாளி தேறிய பிறகு எடுத்த ரத்தத்தில் அது படியவில்லை. வண்டலுக்குக் காரணமான புரதம், கல்லீரல் அவசர காலத்தில் கொட்டும் சரக்கு என்பது பின்னால் தெரியவந்தது. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும். கடுமையான பாக்டீரியா தாக்குதலில் 100-ஐத் தாண்டி 300 வரைகூடப் போகும். பரிசோதனை மலிவு, சிறு லேபிலும் செய்யலாம். ஆனால் இந்தப் புரதத்துக்கு அவசரம் போதாது. ஏறத் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உச்சத்தைத் தொட இரண்டு நாள் பிடிக்கும். மூட்டுவாதத்திலும் அடிபட்டாலும் ஏறும். குடித்துக் கல்லீரல் கெட்டவருக்கு, ஏற வேண்டிய அளவு ஏறாமலும் போகலாம். சரக்கு தயாரிக்கும் பட்டறையே பழுதாகிக் கிடக்கிறதே!

புரோகால்சிடோனினின் கதை 1993-ல் தொடங்குகிறது. தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் உருவாவதற்கு முந்தைய வடிவம் இது. சாதாரணமாக ரத்தத்தில் இருக்கிறதா என்றே சொல்ல முடியாத அளவு சொற்பம். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 79 குழந்தைகளைப் பரிசோதித்து, கடுமையான பாக்டீரியா தொற்று உள்ளவர்களிடம் இது பல மடங்கு எகிறுவதையும் வைரஸ் தொற்றில் அவ்வளவாக ஏறாததையும் கண்டு 'லான்செட்'டில் எழுதினார்கள். பாக்டீரியா தாக்கும்போது தைராய்டு மட்டுமல்ல, உடம்பின் பல திசுக்களும் இதைத் தயாரிக்கின்றன. வைரஸுக்கு எதிராக உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் இதைக் கட்டுப்படுத்துகிறது. நான்கு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. மருந்து பிடித்தால் நாளுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி, 0.5-க்கு மேல் என்றால் சந்தேகம், 2-க்கு மேல் என்றால் கலக்கம் என்பது பொதுவான கணக்கு. செலவு சி.ஆர்.பி.யைப் போலப் பல மடங்கு. தனியார் லேபில் எடுத்தால் ஒரு எஸ்டேட் தொழிலாளிக்குப் பல நாள் கூலி.

மூன்றாவதான லாக்டேட் தொற்றின் அடையாளமே அல்ல. திசுக்களுக்கு ரத்த ஓட்டம் சரியாகப் போகவில்லை என்பதன் அடையாளம். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் என்றால் கவலை, 4 என்றால் ஆபத்து. வலிப்பு வந்தவருக்கும் இது ஏறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதில் ஒரு மலைநாட்டுச் சிக்கலும் உண்டு. சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தைப் பக்கத்து ஊர் லேபுக்கு ஜீப்பில் அனுப்பினால், வழியிலேயே சிவப்பணுக்கள் லாக்டேட்டைத் தயாரித்துக்கொண்டே போகும். நோயாளி நன்றாக இருப்பார், எண் மட்டும் மோசமாக வரும். அதற்கென உள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, சீக்கிரம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் படுக்கையருகிலேயே கையடக்கக் கருவியில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தூரம் படித்தவருக்கு, எண்களைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம் என்று தோன்றினால், அங்கேதான் செள்ளுப்பனி குறுக்கே வருகிறது.

செள்ளு என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்பருவம். புதர்களிலும் ஈரப் புல்லிலும் இருக்கும். (தமிழில் உண்ணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாட்டின் மேல் ஒட்டும் உண்ணிக்கும் இதற்கும் தூரத்து உறவுதான்.) கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருகிய ஒரு சிறு புண் உண்டாகும். வலிக்காது. ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கவனிக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும். இந்த நோயில் சி.ஆர்.பி.யும் ஏறும், புரோகால்சிடோனினும் ஏறும். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் "கடுமையான பாக்டீரியா தொற்று" என்று முடிவுகட்டுவார். அது தப்பல்ல. உடனே கையில் கிடைக்கும் வலுவான ஊசி செஃப்ட்ரியாக்ஸோன். பெரிய ஆஸ்பத்திரி என்றால் அதைவிட விலை உயர்ந்த மெரோபெனம். இந்த நோய்க்குக் காரணமான கிருமி உடம்பின் செல்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. அந்த இரண்டு ஊசிக்கும் அது மசியாது. மசிவது டாக்ஸிசைக்ளினுக்கு. விலை சில ரூபாய். மழைவெள்ளக் காலத்தில் எலிப்பனி வராமல் தடுக்கக் கேரள சுகாதாரத் துறை வாரம் 200 மில்லிகிராம் என்று வீடு வீடாகக் கொடுக்கிறதே, அதே மாத்திரைதான்.

அதாவது ரத்தத்திலுள்ள எண், உடம்பு எவ்வளவு பயந்திருக்கிறது என்று சொல்கிறது. யாரைக் கண்டு பயந்தது என்று சொல்வதில்லை. அந்தப் பதில் பல சமயம் லேபில் இல்லை, நோயாளியின் அக்குளில் இருக்கிறது. செள்ளு கடித்த புண் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னால் என்று மறைவான இடங்களில்தான் அதிகம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண் டாக்டர் முன், அதுவும் மொழி தெரியாத டாக்டர் முன், துணியை விலக்கிக் காட்டக் கூசுவார்கள். நெரிசலான காஷுவல்டியில் திரை போட்டுப் பார்க்க டாக்டருக்கும் பொழுதில்லை. ஒரு நர்ஸ், ஒரு டார்ச், ஐந்து நிமிடம் போதும். எல்லோருக்கும் புண் இருக்காது. ஆனால் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த ரத்தப் பரிசோதனைகளில் கிடைக்காத விடை கிடைத்துவிடும்.

கடுமையான செள்ளுப்பனிக்கு எது சிறந்த மருந்து என்பதில் இருந்த குழப்பத்தைத் தீர்த்ததும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் தலைமையில் நடந்த ஆய்வுதான். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் 794 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2023-ல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகத் தந்தபோது மூன்றில் ஒருவருக்குத்தான் நிலைமை மோசமாகவோ நீடிக்கவோ செய்தது. ஏதாவது ஒன்றை மட்டும் தந்தபோது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு. இறந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் புரோகால்சிடோனின் எதற்கு? 2021-ல் வெளியான 'சர்வைவிங் செப்சிஸ்' சர்வதேச வழிகாட்டுதல் இதில் கறாராக இருக்கிறது. ஆன்டிபயாடிக்கைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்ய இந்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம் என்கிறது. நோயாளியைப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட இது மேலானதாக நிரூபணமாகவில்லை. அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை என்று தள்ளிப்போட்டால் பரிசோதனையே ஆபத்தாகிவிடும். எப்போது நிறுத்தலாம் என்பதற்குத்தான் இது உதவும் என்பது அவர்கள் கட்சி. 2024 டிசம்பரில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வும் அதையே உறுதி செய்தது. 2,760 நோயாளிகள். தினமும் புரோகால்சிடோனின் பார்த்து முடிவெடுத்ததில் மருந்து நாட்கள் ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தன, சாவு கூடவில்லை. சி.ஆர்.பி. பார்த்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஒரு நாள் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆன்டிபயாடிக்குகளை வாரி இறைத்து, அவை வேலை செய்யாத கிருமிகளை வளர்த்துவிட்ட நாட்டில் அது அற்பமல்ல. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் மருந்துக் கடைகளைப் பிடிக்கக் கேரளம் 2024-ல் 'ஆபரேஷன் அம்ருத்' என்று சோதனையே நடத்த வேண்டியிருந்தது.

சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு நம்பிக்கை தரும் சேதி வியட்நாமிலிருந்து வந்தது. சளி, இருமல் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த சுமார் 2,000 பேரிடம், உடனே விடை தரும் சி.ஆர்.பி. பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள். 2016-ல் வெளியான முடிவின்படி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களின் விகிதம் 78 சதவீதத்திலிருந்து 64 ஆகக் குறைந்தது. யாருக்கு மருந்து வேண்டாம் என்று சொல்ல இது பயன்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்கள் நடந்துவந்த நோயாளிகள். மூச்சு வாங்கிக்கொண்டு, மனம் குழம்பி, நாடி நூலாக ஓடும் ஒருவருக்கு சி.ஆர்.பி. 8 என்று வந்தால் அதை நம்பி வார்டில் வைத்துக்கொள்வது தற்கொலைக்குச் சமம். தொற்று இப்போதுதான் தொடங்கியிருக்கலாம். கல்லீரல் இன்னும் விழித்திருக்காது.

எண்ணே இல்லாத வழி ஒன்றும் உண்டு. நோயாளியின் விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட வேண்டும். வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை. பாட்டி வைத்தியம் போலத் தோன்றும் இதை, 2019-ல் ஐந்து லத்தீன் அமெரிக்க நாடுகளில் செப்சிஸ் அதிர்ச்சியில் இருந்த 424 பேரிடம் லாக்டேட்டோடு போட்டி போட விட்டார்கள். லாக்டேட்டை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 43 சதவீதம் பேரும், விரலை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம் பேரும் 28 நாளில் இறந்தார்கள். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளிவிவரக்காரர்கள் எச்சரித்தார்கள். ஆனாலும் மெஷின் இல்லாத இடத்துக்கு இது பெரிய ஆறுதல். மூணாறு ஜனவரியில் எல்லோர் விரலும் சில்லிட்டுத்தான் இருக்கும், கொழுந்துச் சாறு கறையேறிய நுனியில் நிறம் மாறுவதும் எளிதில் தெரியாது. கையைத் துடைத்துச் சூடாக்கி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கூடவே மூச்சை எண்ண வேண்டும். முழு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. நிமிடத்துக்கு 22-க்கு மேல் என்றால் வண்டியைக் கூப்பிட யோசிக்கத் தொடங்கலாம்.

அனுப்புவது என்று முடிவான பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. முதல் டோஸ் மருந்தையும் சலைன் பாட்டிலையும் மேலேயே தொடங்கிவிட வேண்டும். வளைவுகளில் போகும் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா போகக் கூடாது. செள்ளுப்பனி சந்தேகம் இருந்தால் அந்த முதல் டோஸில் டாக்ஸிசைக்ளினும் சேர வேண்டும். பிறகு, கூடவே போகும் சீட்டு. கேரளத்தில் எழுதப்பட்டுத் தமிழ்நாட்டில் படிக்கப்படும் சீட்டு அது. எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், எந்த மருந்து எப்போது போனது என்பது அதில் இல்லையென்றால் கீழே இருப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். இரண்டாவது ரிப்போர்ட் வரும்போது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்ல முதல் எண்ணும் அதன் நேரமும் வேண்டும். அளவின் அலகும் வேண்டும். சில லேபுகள் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராம் என்று கணக்கிடுகின்றன. சில, டெசிலிட்டருக்கு. பத்து மடங்கு வித்தியாசம். சீட்டில் வெறுமனே 12 என்று இருந்தால் அது சாதாரண ஜலதோஷத்துக்கான 12-ஆ, லிட்டர் கணக்கில் 120 ஆகிற 12-ஆ என்று தேனியிலிருந்து மலைக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். சிக்னல் கிடைத்தால் கேட்கலாம்.